நண்பரோடு அரை நாள் சைக்கிள் பயணம்: பலம் சமமில்லாத இருவர் சேர்ந்து போவது எப்படி?

"வரும் ஞாயிறு காலை நண்பரோடு கிராமப்புறச் சாலைகளில் 50 கி.மீ. சைக்கிள் ஓட்டலாம் என்றிருக்கிறோம். மதியத்துக்குள் வீடு திரும்ப வேண்டும். நண்பர் வாராவாரம் ஓட்டுகிறவர்; நான் ஒரே தடவையில் ஓட்டிய அதிகபட்சம் 15 கி.மீ. இருவரிடமும் சாதாரண கியர் சைக்கிள்தான். என்னால் முடியுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொண்டுபோக வேண்டியவை கொஞ்சம்தான், கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, பலம் சமமில்லாத இரண்டு பேர் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகவே திரும்புவது எப்படி என்பது. உங்களால் முடியும். முதல் தடவைக்கு 50 வேண்டாம், 40 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலைப் பொழுது நன்றாக அமையுமா என்பதை உங்கள் தெம்பைவிட, முதல் அரை மணி நேரத்தில் நீங்கள் இருவரும் போகும் வேகமே தீர்மானிக்கும். புதியவர்களோடு சேர்ந்து ஓட்டிப் பழகியவர்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்: பயணம் கெடுவது கடைசி 10 கி.மீட்டரில், கெடுத்தது முதல் 10 கி.மீ.

15-லிருந்து 40-க்குப் போகும்போது முதலில் முரண்டு பிடிப்பது கால்களோ மூச்சோ அல்ல. உட்காரும் இடம், உள்ளங்கை, கழுத்து ஆகிய மூன்றும்தான். மிதமான வேகத்தில் கால்கள் மணிக்கணக்கில் உழைக்கும். ஆனால் இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் உள்ள தசைக்கும் தோலுக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சீட்டில் அழுந்தியிருந்து பழக்கமில்லை. இதற்கு ஞாயிற்றுக்கு முன் ஒரு நாளாவது 25 கி.மீ. ஓட்டிப் பாருங்கள்; அதே சைக்கிள், அதே உடை, அதே செருப்போ ஷூவோ. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை இருந்தால் உள்ளாடை இல்லாமல் போட வேண்டும். உள்ளாடையின் தையல் உராய்ந்து தோலைப் புண்ணாக்கும். பஞ்சு வைத்ததன் நோக்கமே வீணாகிவிடும். அகலமான மெத்தென்ற சீட் கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும். நெடுநேரம் ஓட்டும்போது எலும்பு அதில் அமிழ்ந்து, பக்கத்திலுள்ள மென்மையான இடமெல்லாம் அழுந்தும். கடைசி வாரத்தில் புது சீட் மாற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

சீட்டின் உயரத்தை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போலப் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். பெரும்பாலான புதியவர்கள், நின்றால் இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். நகரச் சந்தில் அது பாதுகாப்பாகத் தோன்றும், 40 கி.மீட்டரில் முழங்காலின் முன்பக்கம் வலிக்க அதுவே காரணமாகும். சீட் குழாயில் குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவுக்கு ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தக் கூடாது.

அடுத்தது நேரக் கணக்கு. உங்களைப் போன்ற ஒருவர் சாதாரண கியர் சைக்கிளில், அதிக ஏற்றமில்லாத சாலையில், மணிக்கு 16 கி.மீ. என்ற சராசரியை நம்பலாம். 40 கி.மீட்டருக்கு இரண்டரை மணி நேரம். தண்ணீர், சாப்பாடு, வழி பார்த்தல், போட்டோ எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரமாவது போகும். ஒரு பஞ்சருக்கு அரை மணி ஒதுக்கி வையுங்கள். ஆக, மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரம். ஐந்து மணி நேர அரை நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கையிருப்பு இருக்கும். இதே கணக்கில் 50 கி.மீட்டருக்கு நாலே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இன்னொரு பஞ்சரோ தவறான ஒரு திருப்பமோ அந்தக் கையிருப்பைத் தின்றுவிடும். அதனால் திரும்பும் இடத்தைத் தீர்மானிப்பதோடு நிறுத்தாமல், திரும்பும் நேரத்தையும் இருவரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியும் அந்த ஏரியோ குன்றோ வரவில்லை என்றால், இன்னும் 3 கி.மீ.தான் இருக்கிறது என்றாலும் திரும்பிவிட வேண்டும். அந்த 3 கி.மீ. உண்மையில் 6 கி.மீ.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்ப்பது போதாது. காற்றும் ஏற்றமும் எவ்வளவு வாங்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்த நிலை, சமதரை, காற்றில்லாத காலை, மணிக்கு 20 கி.மீ. வேகம். இதற்குச் சுமார் 80 வாட் சக்தி வேண்டும். அதில் 30 வாட் டயர் உருள்வதற்கு, மீதி 50 வாட் காற்றைத் தள்ளுவதற்கு. எதிரே மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் காற்று வீசத் தொடங்கினால் உடம்பின் மேல் மோதும் காற்றின் வேகம் 30 ஆகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால் அது இரண்டே கால் மடங்காகிவிடும். அதே 20-ல் போக 145 வாட் தேவைப்படும். 100 மீட்டருக்கு ஒரே ஒரு மீட்டர் உயரும் சாலை கண்ணுக்குச் சமதரையாகத்தான் தெரியும், ஆனால் அது தனியே 50 வாட் கேட்கும். "ஏன் திடீரென்று இவ்வளவு கனக்கிறது, எனக்குத் தெம்பு இல்லையோ" என்று புதியவர்கள் மனம் தளர்வது இந்த மாதிரி இடங்களில்தான். குறை உங்களிடம் இல்லை. கியரைக் குறைத்து, வேகம் 14-க்கு இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். அதே வேகத்தைப் பிடித்து வைக்க முயல்வதுதான் தவறு.

காற்றைப் பற்றி இன்னொன்று. பொதுவாக விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறித் தரை சூடாகச் சூடாக வலுக்கும். காலையில் பின்காற்று இருந்தால் அது காற்றாகவே தெரியாது, இன்று நன்றாக ஓட்டுகிறோம் என்றுதான் தோன்றும். அதை நம்பித் தூரமாகப் போய்விட்டால், திரும்பும்போது களைத்த காலோடு, வலுத்த எதிர்காற்றில் வர வேண்டியிருக்கும். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று திசையை அமைப்பதுதான் சரி. முந்தைய இரவு வானிலை முன்னறிவிப்பில் மழையை மட்டும் பார்க்காமல் 9 மணி, 11 மணிக் காற்றின் திசையையும் பாருங்கள். வட்டமாகப் போய் வரும் வழியானால் கடைசிப் பகுதியிலாவது காற்று முதுகுப் பக்கம் வரும்படி சுற்றும் திசையை மாற்றலாம். முதல் தடவைக்கு, நடுவில் எங்கிருந்தும் குறுக்கே வெட்டி வீடு வரக்கூடிய வட்டப் பாதை நல்லது. மண் சாலை எது, தார் சாலை எது என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் முன்பே பார்த்துவிடுங்கள். சரளை மண்ணில் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், கையும் மரத்துப்போகும்.

இனி, நண்பரோடு போவது. அவரும் இதைப் படித்தால் நல்லது, ஏனென்றால் இதில் பாதிப் பொறுப்பு அவருடையது. வேகத்தை நிர்ணயிப்பது எப்போதும் மெதுவாகப் போகிறவரே. அதை அளக்கக் கருவி வேண்டாம்: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. வார்த்தை வார்த்தையாகத் துண்டு துண்டாக வந்தால் அது உங்களால் மூன்று மணி நேரம் தாங்க முடியாத வேகம். முதல் அரை மணி நேரம் "இது ரொம்ப மெதுவோ" என்று இருவருக்கும் தோன்ற வேண்டும். பலசாலியான நண்பர் வேண்டுமென்றே வேகமெடுப்பதில்லை. பக்கத்தில் ஓட்டிக்கொண்டே பேசும்போது அவருடைய முன்சக்கரம் அரையடி முன்னால் போகும், நீங்கள் எட்டிப் பிடிப்பீர்கள், அது மறுபடி அரையடி போகும். இப்படியே 16 என்பது 21 ஆகிவிடும், இருவருக்கும் தெரியாது. அவருடைய ஹேண்டில்பார் உங்கள் ஹேண்டில்பாருக்கு முன்னால் போகக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் இது நிற்கும்.

ஏற்றத்தில் சேர்ந்து போக முயல வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் தாளம் உண்டு. அவர் தன் வேகத்தில் ஏறி மேலே காத்திருக்கட்டும். காத்திருப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முன்னால் போனவர் மேலே ஐந்து நிமிடம் இளைப்பாறியிருப்பார், பின்னால் வந்தவர் வந்து சேர்ந்ததுமே முன்னவர் "போகலாமா?" என்று பெடலில் கால் வைப்பார். பலம் குறைந்தவருக்கு ஓய்வே கிடைக்காமல் போவது இதனால்தான். இரண்டாமவர் வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு, "கிளம்பலாம்" என்று சொல்ல வேண்டியது அவரே.

எதிர்காற்றில் நண்பரின் பலம் உங்களுக்கு உதவும். அவர் முன்னால் போக, நீங்கள் பின்னால் நேர் கோட்டில் வந்தால் காற்றின் தடை உங்களுக்குக் கணிசமாகக் குறையும். பந்தய வீரர்கள் ஒரு சாண் இடைவெளியில் போவார்கள். நீங்கள் ஒரு சைக்கிள் நீளம், அதாவது இரண்டு மீட்டர் அளவு, விட்டாலும் பலன் தெரியும். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது, பெடலை நிறுத்தி நிறுத்தி மிதிக்கக் கூடாது, குழி வந்தால் குரல் கொடுத்துக் கையால் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் தன் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒருபோதும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கரங்கள் உரசினால் முன்னால் போகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விழுவது பின்னால் வருகிறவர்தான், ஏனென்றால் அவருடைய சக்கரம்தான் திரும்பும் சக்கரம். பழக்கமில்லாத இருவர் இறக்கத்தில் ஒட்டிப் போகவே வேண்டாம். அங்கே நாலைந்து சைக்கிள் நீளம் விடுங்கள். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்டம், உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் யார் முன்னால் போவது, யார் பின்தங்குவது என்று முன்பே பேசி வைத்திருந்தால் தடுமாற்றம் வராது.

சைக்கிளைச் சனிக்கிழமை மாலையே பார்த்துவிடுங்கள், ஞாயிறு காலையில் அல்ல. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் கட்டையில் எங்கும் உரசுகிறதா என்று பாருங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஹேண்டில் தண்டில் கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் இறுக்க வேண்டும். பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும்வரை வந்தால் கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். செயினில் எண்ணெய் விடுவதை முந்தின மாலையே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எண்ணெய் உருளைகளுக்குள் இறங்க நேரம் வேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சற்று நேரம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியே மினுமினுக்கும் எண்ணெய் செயினுக்கு உதவாது, மண்ணைத்தான் ஈர்க்கும்.

காற்றழுத்தம் டயரின் அகலத்தையும் உங்கள் எடையையும் பொறுத்தது. 70 கிலோ எடையுள்ளவருக்கு, டியூப் உள்ள 35 மி.மீ. டயரில் 50 முதல் 60 பி.எஸ்.ஐ., 28 மி.மீ. டயரில் 80-ஐ ஒட்டி, 2 அங்குல மலை சைக்கிள் டயரில் 30 முதல் 35 என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. எடை பின்னால் கூடுதலாக விழுவதால் பின்டயரில் கொஞ்சம் அதிகம் இருக்கட்டும். காற்று குறைவாக இருந்தால் குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். அப்படிப்பட்ட இரட்டைக் கீறல் பஞ்சருக்கு முள்ளைத் தேடிப் பயனில்லை, காரணம் காற்றுக் குறைவுதான்.

எடுத்துப் போக வேண்டியவை: மாற்று டியூப், டயரை நெம்பி எடுக்க இரண்டு டயர் லீவர், கைப் பம்ப், பஞ்சர் ஒட்டும் பெட்டி, அறுகோணத் துளைத் திருகுகளுக்கான ஆலன் கீ தொகுப்பு. இருவரின் சக்கர அளவும் வால்வு வகையும் வேறு என்றால் ஆளுக்கொரு டியூப் வேண்டும். பம்ப் இரண்டு வால்வுக்கும் பொருந்துமா என்று வீட்டிலேயே பொருத்திப் பாருங்கள். சக்கரம் நட்டில் மாட்டியிருந்தால் அதற்குரிய ஸ்பேனரும் வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். சாலையோரத்தில் பழைய டியூபை ஒட்ட உட்காராதீர்கள். மாற்று டியூபைப் போட்டுக்கொண்டு கிளம்பி, பழையதை வீட்டில் ஒட்டலாம். பின்சக்கரம் என்றால் முதலில் செயினைப் பின்னால் இருக்கும் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றுங்கள். டிஸ்க் பிரேக் இருந்தால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரை அழுத்தவே கூடாது. கட்டைகள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் உள்ளே போகாது.

டியூபை எடுத்ததும் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். டியூபை வால்வுக்கு நேராக டயரின் மேல் வைத்தால் டயரில் எந்த இடத்தில் குத்தியது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் மெதுவாகத் தடவுங்கள். முள் நுனி இருந்தால் துணி மாட்டும். வெறும் விரலை வேகமாக ஓட்டினால் விரலில் ஏறும். முள்ளை எடுக்காமல் புது டியூபைப் போட்டு, அரை கி.மீட்டரில் மறுபடி காற்றுப் போய் நிற்பவர்கள் ஏராளம். புது டியூபில் அது வட்டமாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள், அப்போது முறுக்கிக்கொள்ளாது. டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே வந்து வால்வு அருகில் முடியுங்கள். கடைசியில் இறுக்கமாக இருக்கிறதென்று லீவரைப் போட்டு நெம்பினால் புது டியூபே கிழியலாம். அதற்குப் பதில், எதிர்ப்புறத்து விளிம்பை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் அழுத்திவிட்டால் இந்தப் பக்கம் தளர்ந்து கொடுக்கும். வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்து, சுற்றிலும் விளிம்புக்கு அடியில் டியூப் மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகு முழுக் காற்று அடியுங்கள். சக்கரத்தைக் கழற்ற ரிம் பிரேக்கை விலக்கியிருந்தால், ஏறுவதற்கு முன் அதைத் திரும்ப மாட்டிப் பிடித்துப் பாருங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் என்பது பொதுவான அளவு. வியர்வை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். அந்த 25 கி.மீ. ஒத்திகையின்போது ஓட்டும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குடித்த தண்ணீரின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. தாகமே இல்லாமல் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். சாப்பாட்டில், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு இருக்கும். பசி வரும்வரை காத்திருக்காமல் முக்கால் மணி நேரத்தில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிடுங்கள். பாதி வழியில் வயிறு முட்டச் சாப்பிட்டால் அடுத்த அரை மணி நேரம் கால் நகராது.

கிராமத்துச் சாலையில் வண்டிகள் குறைவு, ஆனால் வளைவுகளில் மண்ணும் சரளையும் சேர்ந்திருக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ரயில் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். ஆடு மாடுகள் சாலையைக் கடக்கும்போது ஒன்று கடந்துவிட்டால் பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாய் துரத்தினால் வேகத்தால் தப்ப நினைப்பதைவிட, இறங்கி நின்று, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, உரத்த குரலில் அதட்டியபடி நடப்பது பெரும்பாலும் பலிக்கும். துரத்தும் ஆசை ஓடுவதைப் பார்த்துத்தான் வருகிறது. ஹெல்மெட் தலைக்காயத்தைக் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை, போடுங்கள். வீட்டில் ஒருவருக்கு வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வரைபடத்தை போனில் இறக்கி வையுங்கள்.

இதுவரை சொன்னவை நன்கு நிலைபெற்ற விஷயங்கள். சில விஷயங்களில் அந்த உறுதி கிடையாது. தசைப்பிடிப்பு உப்புக் குறைவால் வருகிறதா, பழக்கமில்லாத உழைப்பில் தசையும் நரம்பும் களைப்பதால் வருகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. பிடித்தால் இறங்கி நின்று அந்தத் தசையை மெதுவாக நீட்டுங்கள், பிறகு இலகுவான கியரில் போங்கள். உப்புக் கலந்த நீர் குடிப்பதில் பொதுவாகக் கெடுதல் இல்லை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். கிளம்பும் முன் தசைகளை நீட்டும் பயிற்சி காயத்தைத் தடுக்கும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. முதல் 10 நிமிடம் மெதுவாக மிதிப்பதே போதும். முழங்கால் வலியை எழுத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பொதுவாக, முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, மடிப்புப் பக்கம் வலித்தால் உயரம் அதிகம். 3 முதல் 5 மி.மீ. மாற்றி 10 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். வலி கூடிக்கொண்டே போனால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். மார்பில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே இறங்கி உட்கார்ந்து நண்பரிடம் சொல்லுங்கள், அவர் உதவிக்கு ஆளை அழைக்கட்டும்; மெதுவாக ஓட்டி வீடு போய்விடலாம் என்று எண்ண வேண்டாம்.